விரல் அளவு கருவி... 80 கி.மீ. பாயும் வெளிச்சம்! ஃபைபர் இணையத்தின் 'ஆப்டிகல் மாட்யூல்' எப்படி வேலை செய்கிறது?

வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் வைத்திருப்பவர்களுக்கு அந்த சிவப்பு விளக்கைப் பற்றி சொல்லவே வேண்டாம். பெட்டியில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் நெட் போச்சு என்று அர்த்தம். போன் செய்தால் லைன்மேன் வருவார். கையில் இருக்கும் சின்ன மீட்டரில் ஒயரைச் செருகிப் பார்த்து, "பவர் மைனஸ் 30 வருது, அதான் எடுக்கல" என்பார்.

அந்த 'பவர்' கரண்ட் பவர் அல்ல. கண்ணாடி இழை வழியாக வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு. அந்த வெளிச்சத்தை அனுப்புவதும், மறுமுனையில் அதைப் பிடித்து மீண்டும் தகவலாக மாற்றுவதும் ஒரு சின்ன கருவி. அதன் பெயர் ஆப்டிகல் டிரான்ஸீவர் மாட்யூல்.

வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் இதே தொழில்நுட்பம்தான் மாவட்டத்துக்கு மாவட்டம், மாநிலத்துக்கு மாநிலம், கடல் தாண்டி தீவுக்கும் இணையத்தைக் கொண்டுபோகிறது. ஆனால் தூரம் கூடக் கூட கணக்கு மாறும். அந்தக் கணக்கு தப்பினால் ஒரு ஊருக்கே நெட் இருக்காது. அது என்ன கணக்கு?

மாட்யூல் என்றால் என்ன?

ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற கருவிகள் மின்சார சிக்னலில் பேசுபவை. ஃபைபர் கேபிளில் ஓடுவது வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் இல்லையா? அதுதான் இந்த மாட்யூல்.

இதற்குள் முக்கியமாக இரண்டு பாகங்கள். ஒன்று, வெளிச்சத்தை அனுப்பும் லேசர். இன்னொன்று, வரும் வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் போட்டோ டயோடு. டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டும் சேர்ந்ததால் டிரான்ஸீவர் என்று பெயர்.

பரவலாகப் பயன்படும் எஸ்எஃப்பி வகை மாட்யூல் சுமார் அரை இஞ்ச் அகலம், இரண்டே கால் இஞ்ச் நீளம்தான் இருக்கும். பென் டிரைவ் மாதிரி ரவுட்டரில் செருகலாம், கழற்றலாம். ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடலாம்.

10 ஜிபிபிஎஸ் மாட்யூல் என்றால், அதில் இருந்து புறப்படும் வெளிச்சம் ஒரு நொடிக்கு 1,000 கோடி முறை 'இருக்கு, இல்லை' என்று சொல்கிறது என்று அர்த்தம். டார்ச் லைட்டை போட்டு அணைப்பது போலத்தான். வேகம்தான் கற்பனைக்கு எட்டாதது.

கண்ணாடிக்குள் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்?

இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயம் 1960-களில் நடக்காத காரியமாக இருந்தது. பஞ்சாபில் பிறந்த இயற்பியலாளர் நரிந்தர் சிங் கபானி, வளைந்த கண்ணாடி இழை வழியாக படங்களை அனுப்பிக் காட்டியவர். 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரை பிரபலமாக்கியவரும் அவர்தான். ஆனால் அன்றைய கண்ணாடியில் சில மீட்டர் தூரத்திலேயே வெளிச்சம் மங்கிவிடும்.

1966-ல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி, பிரச்னை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அழுக்கில்தான் இருக்கிறது என்றார். ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு 20 டெசிபெலுக்குள் வந்தால் தொலைத்தொடர்புக்கு ஃபைபரைப் பயன்படுத்தலாம் என்று கணக்கு சொன்னார். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன விஞ்ஞானிகள் அந்த எல்லையைத் தாண்டினார்கள். காவுக்கு 2009-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

டெசிபெல் என்பதைப் புரிந்துகொள்வது சுலபம். 3 டெசிபெல் இழப்பு என்றால் வெளிச்சம் பாதியாகிவிட்டது. 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு. 20 டெசிபெல் என்றால் நூற்றில் ஒரு பங்கு.

அதாவது காவ் கேட்டது, ஒரு கிலோமீட்டர் போனபிறகு 1 சதவீத வெளிச்சமாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான். இன்றைய நல்ல ஃபைபரில் அதே 1 சதவீதம் மிஞ்சுவது 100 கிலோமீட்டர் போனபிறகு. ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு வெறும் 0.2 டெசிபெல்!

ஏன் இரண்டு 'நிறங்கள்'?

மாட்யூல் மீது 1310, 1550 போன்ற எண்கள் அச்சாகியிருக்கும். அது வெளிச்சத்தின் அலைநீளம், நானோமீட்டரில். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்தான்.

1310-ல் இழப்பு கொஞ்சம் அதிகம், கிலோமீட்டருக்கு சுமார் 0.35 டெசிபெல். 1550-ல் சுமார் 0.2 டெசிபெல். அதனால்தான் 10 கிலோமீட்டர் மாட்யூல்கள் பெரும்பாலும் 1310-லும், 40, 80 கிலோமீட்டர் மாட்யூல்கள் 1550-லும் வருகின்றன.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் 1550-யே போடலாமே? அங்கேதான் சிக்கல். 1550-ல் வெளிச்சம் அதிக தூரம் போகும், ஆனால் போகப் போக 'பரவும்'. இதற்கு டிஸ்பெர்ஷன் என்று பெயர்.

லேசர் வெளிச்சம் ஒரே நிறம் போலத் தெரிந்தாலும், அதற்குள் மிக நெருக்கமான பல அலைநீளங்கள் இருக்கின்றன. கண்ணாடிக்குள் ஒவ்வொன்றும் கொஞ்சம் வித்தியாசமான வேகத்தில் ஓடுகிறது. பந்தயத்தில் ஒரே கோட்டில் நின்று ஒன்றாகக் கிளம்பியவர்கள், 80 கிலோமீட்டர் தாண்டியதும் முன்னே பின்னே சிதறிப்போவது மாதிரி. முதல் துடிப்பின் வால், அடுத்த துடிப்பின் தலை மீது விழுந்துவிடும். மறுமுனையில் வெளிச்சம் போதுமான அளவு இருக்கும், ஆனால் எது 'இருக்கு', எது 'இல்லை' என்றே ரிசீவருக்குப் புரியாது.

10 ஜிபிபிஎஸ் வேகத்தில் ஒரு துடிப்புக்கு இருக்கும் நேரம் வெறும் 100 பிகோ நொடி. ஒரு நொடியை 1,000 கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அது. அதற்குள் சிதறல் அடங்க வேண்டும். இதே முறையில் வேகத்தை 4 மடங்கு ஆக்கினால், சிதறலைத் தாங்கும் தூரம் கிட்டத்தட்ட 16-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நீண்ட தூர மாட்யூல்கள் விலை அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றில் சாதாரண லேசர் போதாது. ஒளிக்கற்றையை மிகத் துல்லியமாக வெட்டி அனுப்பும் மாடுலேட்டர் உள்ள லேசர் தேவை.

கூட்டிக் கழிச்சுப் பார்த்தால்...

ஒரு கற்பனைக் கணக்கு. மதுரையில் இருந்து திண்டுக்கல்லுக்கு 10 ஜிபிபிஎஸ் இணைப்பு கொடுக்க வேண்டும். ஃபைபர் நீளம் 65 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் செலவுப் பக்கம். ஒயரை ஒட்டிய இடங்களையும் சேர்த்து கிலோமீட்டருக்கு 0.25 டெசிபெல் என்றால், 65 கிலோமீட்டருக்கு 16.25 டெசிபெல். இரண்டு முனையிலும் சேர்த்து 4 கனெக்டர்களுக்கு தலா 0.5 வீதம் 2 டெசிபெல். நாளைக்கு ரோடு போடும் ஜேசிபி கேபிளை அறுத்தால், மறுபடி ஒட்டுவதற்கான இழப்பு, கேபிளுக்கு வயசாவது எல்லாவற்றுக்கும் 3 டெசிபெல் ஒதுக்கி வைக்க வேண்டும். மொத்தம் 21.25 டெசிபெல்.

இப்போது வரவுப் பக்கம். 40 கிலோமீட்டர் மாட்யூல் குறைந்தபட்சம் மைனஸ் 4.7 டிபிஎம் அளவில் அனுப்பும், மைனஸ் 15.8 வரை வாங்கிக்கொள்ளும். வித்தியாசம் 11.1 டெசிபெல். தேவைக்கு பக்கத்தில்கூட வரவில்லை.

80 கிலோமீட்டர் மாட்யூல் பொதுவாக 0 டிபிஎம்மில் அனுப்பி, மைனஸ் 24 வரை வாங்கும். வித்தியாசம் 24 டெசிபெல். சிதறலுக்காக 2 டெசிபெல் கழித்தாலும் 22 இருக்கிறது. தேவை 21.25. பாஸ்! ஆனால் மயிரிழையில்தான்.

கவனிக்க வேண்டியது இதுதான்: பெட்டியில் '80 கி.மீ.' என்று எழுதியிருந்தாலும் அது உத்தரவாதம் இல்லை. பழைய கேபிள், மோசமான ஒட்டுக்கள் இருந்தால் 65 கிலோமீட்டரே தடுமாறும். மேப்பில் தெரியும் ரோடு தூரத்தை நம்பியும் மாட்யூல் வாங்கக்கூடாது. கேபிள் சுற்றிச் சுற்றிப் போயிருக்கும், குழிகளில் கூடுதலாகச் சுருட்டியும் வைத்திருப்பார்கள். ஓடிடிஆர் என்ற கருவியால் உண்மையான நீளத்தையும், எந்த ஒட்டில் எவ்வளவு இழப்பு என்பதையும் அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

'பெருசா வாங்கினா தப்பில்லையே?' தப்புதான்!

"எதுக்கும் இருக்கட்டும்" என்று 2 கிலோமீட்டர் தூரத்துக்கும் 80 கிலோமீட்டர் மாட்யூல் போடுவது பலரும் செய்யும் தவறு.

80 கிலோமீட்டர் மாட்யூல் பிளஸ் 4 டிபிஎம் வரைகூட வெளிச்சம் அனுப்பலாம். ஆனால் எதிர்முனை ரிசீவர் தாங்கும் உச்ச அளவு மைனஸ் 7 டிபிஎம். ஆய்வகத்தில் சோதிப்பதற்காக இரண்டையும் ஒரு மீட்டர் ஒயரில் நேராக இணைத்தால், தாங்கும் அளவைவிட 12 மடங்குக்கும் அதிக வெளிச்சம் போய் விழும். இருட்டில் இருப்பவர் கண்ணில் ஹெட்லைட் அடிப்பது மாதிரி. முதலில் தகவல் பிழைகள் வரும். ரிசீவரே நிரந்தரமாகப் பழுதாகவும் வாய்ப்பு உண்டு.

இதற்குத் தீர்வு அட்டென்யுவேட்டர் என்ற சின்ன அடைப்பான். 15 டெசிபெல் அட்டென்யுவேட்டரை நடுவில் போட்டால், பிளஸ் 4 என்பது மைனஸ் 11 ஆகிவிடும். ரிசீவர் நிம்மதியாக வேலை செய்யும்.

ஒரே ஒயரில் 80 பாதைகள்

புதிதாகக் கேபிள் புதைப்பதுதான் இந்தத் துறையில் பெரிய செலவு. அதனால் இருக்கும் ஒரே ஜோடி இழையில் அதிகத் தகவல் அனுப்ப கண்டுபிடித்த வழிதான் டிடபிள்யூடிஎம்.

1550 நானோமீட்டரைச் சுற்றியுள்ள வெளிச்சத்தை மிக நெருக்கமான பல நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியாகத் தகவல் அனுப்புவார்கள். 80, 96 நிறங்கள்கூட ஒரே இழையில் போகும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மாட்யூல். நிறம் துளி நகர்ந்தாலும் பக்கத்துப் பாதையில் மோதிவிடும் என்பதால், லேசரின் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் குளிரூட்டி அந்த மாட்யூலுக்குள்ளேயே இருக்கும்.

80 கிலோமீட்டருக்கும் மேலே போக வேண்டும் என்றால்? வழியில் ஆப்டிகல் ஆம்ப்ளிஃபையர் வைப்பார்கள். எர்பியம் என்ற தனிமம் கலந்த இழைக்குள் இன்னொரு லேசரைப் பாய்ச்சினால், அதன் வழியே போகும் 1550 வெளிச்சம் அப்படியே பெருகும். மின்சாரமாக மாற்றவே தேவையில்லை. 1987-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழு இதைச் செய்து காட்டியது. இது வந்த பிறகுதான் பல நிறங்களையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் சேர்த்துப் பெருக்க முடிந்தது.

400 ஜிபிபிஎஸ் ரகசியம்

டார்ச்சை போட்டு அணைக்கும் முறைக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்ட வந்ததுதான் 'கோஹரென்ட்' மாட்யூல்கள்.

இவை வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பதில்லை. அலையின் உயரம், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் அதிர்கிறது என எல்லாவற்றிலும் தகவலை ஏற்றி அனுப்புகின்றன. இதனால் ஒரே துடிப்பில் ஒரு பிட்டுக்குப் பதிலாக 8 பிட்கூட அனுப்பலாம்.

இன்னொரு பெரிய நன்மை, சிதறல் பிரச்னையை மாட்யூலுக்குள் இருக்கும் சிப்பே கணக்குப் போட்டு சரிசெய்துவிடுகிறது. 2020-ல் வெளியான '400 இசட்ஆர்' என்ற பொதுத் தரப்படி, ஆம்ப்ளிஃபையர் உள்ள பாதையில் சுமார் 120 கிலோமீட்டர் வரை 400 ஜிபிபிஎஸ் வேகம் கிடைக்கும். முன்பு தனி ரேக் நிறைய பெட்டிகள் செய்த வேலையை இப்போது ரவுட்டரில் செருகும் ஒரு மாட்யூல் செய்கிறது.

அந்தமானுக்கு என்ன லாபம்?

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், அந்தமானைப் பார்த்தால் போதும். நீண்ட காலம் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பி இருந்தது. 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னை - அந்தமான் நிக்கோபார் கடலடி கேபிளை பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேர் தவிர கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லிட்டில் அந்தமான், ஹேவ்லாக் என்ற ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய இடங்களையும் அது இணைக்கிறது.

செயற்கைக்கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. சிக்னல் மேலே போய் கீழே வர கிட்டத்தட்ட 240 மில்லி நொடி ஆகும். கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சென்னையில் இருந்து 2,300 கிலோமீட்டர் போக சுமார் 11.5 மில்லி நொடிதான். 20 மடங்கு சீக்கிரம்! மருத்துவரோடு வீடியோவில் பேசுபவருக்கும், ஆன்லைன் வகுப்பில் கேள்வி கேட்கும் மாணவருக்கும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கடலடி கேபிளின் முனைகளில் இருப்பது செருகிக் கழற்றும் சாதாரண மாட்யூல் அல்ல, அதற்கென்றே செய்த பெரிய கருவிகள். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: லேசர், ரிசீவர், இழப்புக் கணக்கு.

வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கிராமங்கள் வரை ஃபைபர் போகும் காலம் இது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் திட்டம் டான்ஃபிநெட் மூலம் நடக்கிறது. கல்லூரி, மருத்துவமனை, கேபிள் ஆபரேட்டர் என பலரும் சொந்தமாக மாட்யூல் வாங்குகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியவை:

ஜோடிப் பொருத்தம்: ஒரே இழையில் போக, வர இரண்டையும் செய்யும் 'பைடி' மாட்யூல்கள் ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒன்று 1310-ல் அனுப்பினால் மற்றது 1310-ஐ வாங்கும் வகையாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வகையைப் போட்டால் லிங்க் வராது.

பிராண்ட் பூட்டு: மாட்யூலின் அளவு, பின்கள் எல்லாம் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொதுத் தரம். ஆனாலும் சில ரவுட்டர்கள், மாட்யூலுக்குள் இருக்கும் சின்ன மெமரியில் எந்த நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்து, வேறு பெயராக இருந்தால் ஏற்க மறுக்கும். விலை குறைவு என்று 100 வாங்கிவிட்டு மாட்டிக்கொள்வதைவிட, ஒன்றை வாங்கி சோதித்துப் பார்ப்பது நல்லது.

வெயில்: சாதாரண மாட்யூல் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். கத்திரி வெயிலில் ரோட்டோர இரும்புப் பெட்டிக்குள் வைப்பதென்றால், 85 டிகிரி வரை தாங்கும் 'இண்டஸ்ட்ரியல்' வகைதான் பாதுகாப்பு.

நம்பகம்: இந்தியாவில் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நம்பகமானவை என்று அறிவிக்கப்பட்ட மூலங்களில் இருந்தே புதிய கருவிகளைச் சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளது.

சாவதற்கு முன் சொல்லிவிடும்!

நல்ல மாட்யூல் தன் உடல்நிலையைத் தானே சொல்லும். சூடு, வோல்டேஜ், அனுப்பும் வெளிச்சம், வரும் வெளிச்சம், லேசர் இழுக்கும் கரண்ட் ஆகிய ஐந்தையும் ரவுட்டரில் பார்க்கலாம்.

அனுப்பும் வெளிச்சம் அதே அளவில் இருக்க, லேசர் இழுக்கும் கரண்ட் மட்டும் மாதா மாதம் ஏறினால், லேசருக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். வரும் வெளிச்சம் மட்டும் திடீரென்று குறைந்தால், கோளாறு பெரும்பாலும் வழியில் அல்லது எதிர்முனையில். ஒயர் மடங்கியிருக்கலாம், கனெக்டரில் தூசி இருக்கலாம். வெளிச்சம் ஓடும் உட்பகுதியின் அகலம் சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிட பல மடங்கு மெல்லியது. ஒரு தூசி போதும், பாதையை அடைக்க. விலை உயர்ந்த மாட்யூலை மாற்றுவதற்கு முன் கனெக்டரைத் துடைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

வீட்டுப் பெட்டிக்கும் இதே கதைதான். பரவலாக உள்ள வகை பெட்டிகள் மைனஸ் 8-ல் இருந்து மைனஸ் 27 வரை வாங்கிக்கொள்ளும். லைன்மேன் 'மைனஸ் 20' என்றால் கவலை இல்லை. 'மைனஸ் 26' என்றால் இப்போதைக்கு ஓடும், ஆனால் அடிக்கடி கட் ஆகலாம். அப்போதே ஒட்டுக்களைச் சரிபார்க்கச் சொல்லிவிடலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சிவப்பு விளக்கு எரிகிறதே என்று மஞ்சள் ஒயரைக் கழற்றி, அதன் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவே கூடாது. குழந்தைகளையும் பார்க்க விடக்கூடாது. அதில் வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் கூசாது, இமையும் தானாக மூடாது. நீண்ட தூர லைன்களில் விழித்திரையையோ கருவிழியையோ பாதிக்கும் அளவுக்கு சக்தி இருக்கலாம். ஒயரைச் செருகி வைத்துவிட்டு, மீட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுவதுதான் சரி.